வேலூர்ப் பக்கத்தில் கத்தோலிக்கரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பங்கில், அதாவது ஊர்க் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு, வகுப்பில் பிள்ளைகள் கேட்பதைவிட வெளியே பெரியவர்கள் கேட்பதுதான் அதிகம் என்பதைக் கண்டுகொண்டேன். காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலிலும், மருத்துவமனை வாசலில் உள்ள தேநீர்க் கடையிலும், ஒரே காம்பவுண்டில் ஐந்து குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டு வாசலிலும் வந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் குருவானவர் அல்லன். மண விஷயத்தில் ஒருவருடைய தனிப்பட்ட சூழ்நிலைக்கு முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய பங்குத்தந்தையே.

நீங்க ஆர்.சி.யா, இல்ல கிறிஸ்டியனா?

இந்தக் கேள்வி சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் வேலூரில் அது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையை வைத்தே நாடு முழுவதும் இந்த ஊரை அறிந்திருக்கிறது. அவருடைய குடும்பம் அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. அந்த மரபில் வந்த சபைகளும் வேறு சில சபைகளும் 1947இல் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆயின. ஆகவே இங்கே ‘கிறிஸ்டியன்’ என்றாலே பலருக்கு அந்தச் சபைதான் நினைவுக்கு வருகிறது.

ஆர்.சி. என்பது ரோமன் கத்தோலிக்கத்தின் சுருக்கம்; கத்தோலிக்கரும் கிறிஸ்தவரே. பழைய வட ஆற்காட்டில் சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்தைச் சுற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தார்ராஸ் அடிகள் ஊர் ஊராக நடந்து உழைத்ததன் பலனாகவும், அவருக்குப் பின் வந்த சலேசிய சபைத் துறவியரின் உழைப்பாலும் இந்தச் சமூகம் வளர்ந்தது. வேலூர் மறைமாவட்டம் 1952இல் தனியாக அமைந்தது. கிறிஸ்துவை ஆண்டவர் என்று ஏற்பதிலும் மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறுவதிலும் இரு சபையாருக்கும் வேறுபாடு இல்லை. திருத்தந்தையின் (போப்பின்) பணி, அருட்சாதனங்கள் எனப்படும் புனிதச் சடங்குகள், புனிதர் வணக்கம் ஆகியவற்றில் வேறுபாடு உண்டு.

உங்க பைபிள்ல எக்ஸ்ட்ராவா புத்தகம் சேர்த்துட்டீங்கன்னு சொல்றாங்களே?

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள் உள்ளன. சீர்திருத்தச் சபையினர், அதாவது புராட்டஸ்டன்ட் சபையினர், படிக்கும் வேதாகமத்தில் 66. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இவை தொடக்கத் திருச்சபை பயன்படுத்திய கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை. 397இல் கார்த்தேஜில் கூடிய சங்கத்தின் பட்டியலிலும் இவை உள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தார். 1546இல் திரெந்து பொதுச்சங்கம் இவையும் மறைநூலே என்று உறுதிசெய்தது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டு, ‘ஏன் எடுத்தார்கள்?’ என்று கேட்பதும் நியாயமே. ஆனால் அதைச் சண்டைக்குரிய தொனியில் கேட்க வேண்டியதில்லை. இந்த ஏழில் இரண்டு நூல்கள் கீழே மீண்டும் வரும்.

சிலையைக் கும்பிடாதேன்னு பத்துக் கட்டளையிலேயே இருக்கு. அப்புறம் கோவில் முழுக்கச் சுரூபம் எதுக்கு?

கட்டளை விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே நூலின் 25ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின் மேல் கெருபுகள் எனப்படும் இறக்கையுள்ள வானதூதர் உருவங்கள் இரண்டைப் பொன்னால் செய்து வைக்கும்படி அதே கடவுள் கட்டளையிடுகிறார். பாலைவனத்தில் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைப்பதற்காக வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து கம்பத்தில் வைக்கும்படி மோசேக்குச் சொல்கிறார். அப்படியானால் தடுக்கப்பட்டது உருவம் செய்வதன்று. உருவத்தைக் கடவுளாக எண்ணி வழிபடுவதே தடுக்கப்பட்டது. 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் இதே கேள்வியை விவாதித்து, படத்துக்கும் சுரூபத்துக்கும் செலுத்தும் மரியாதை அதில் சித்திரிக்கப்பட்டவரையே சென்று சேர்கிறது என்றும், ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது என்றும் தெளிவுபடுத்தியது.

இதற்குப் பின்னால் இன்னும் ஆழமான ஒரு காரணம் உண்டு; இப்பக்கத்தில் உள்ள பல பதில்களுக்கு அதுவே வேர். கண்ணுக்குத் தெரியாத கடவுள் மனித உடல் எடுத்து, பசித்து, களைத்து, தொட்டுக் குணமாக்கினார் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அப்படி நம்புகிறவர்களால் தண்ணீர், எண்ணெய், அப்பம், மரம், மனிதக் கை ஆகிய எதையும் ‘வெறும் பொருள்’ என்று ஒதுக்க இயலாது. கடவுள் பொருள்கள் வழியாகவும் மனிதர்கள் வழியாகவும் நம்மிடம் வர விரும்புகிறார் என்பதே கத்தோலிக்க நம்பிக்கையின் அடிப்படை.

ஆனால் நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். ‘அந்த ஊர் மாதாவுக்குத்தான் சக்தி அதிகம்’ என்று ஒரு சுரூபத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பேசுவதை நான் தேர்த்திருவிழாக்களில் கேட்டிருக்கிறேன். மோசே செய்த அதே வெண்கலப் பாம்புக்குப் பிற்காலத்தில் மக்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார் என்று அரசர்கள் இரண்டாம் நூலின் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த எச்சரிக்கை நமக்கும் உரியதே.

மாதாவை சாமியாவே ஆக்கிட்டீங்களே?

இல்லை. மரியா படைக்கப்பட்டவர், மீட்பு தேவைப்பட்டவர். கடவுளுக்குச் செலுத்துவது ஆராதனை. புனிதர்களுக்குச் செலுத்துவது வணக்கம். மரியாவுக்கு உரியது மற்றப் புனிதர்களுக்கு மேலான வணக்கம், ஆனால் வணக்கமே. ‘அருள் நிறைந்த மரியே’ மன்றாட்டின் முதல் பாதி லூக்கா நற்செய்தியில் வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வார்த்தைகள். இரண்டாம் பாதியில் அவரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அடுத்த வீட்டு அம்மாவிடம் ‘எனக்காக ஜெபம் பண்ணுங்கம்மா’ என்று கேட்பவர் கடவுளை விட்டு அந்த அம்மாவிடம் போய்விட்டதாக யாரும் சொல்வதில்லை.

கானா ஊர்த் திருமணத்தில் அவர் வேலைக்காரர்களிடம் சொன்னது, ‘அவர் சொல்வதைச் செய்யுங்கள்’ என்பதே. மரியா பக்தி ஒருவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்றால், அந்தப் பக்தியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பாவத்தை நேரா கடவுள்கிட்டயே சொல்லிக்கலாமே, சாமியார் எதுக்கு நடுவுல?

கடவுளிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு இரவும் சொல்லலாம். ஆனால் உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னதாக யோவான் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. எதை மன்னிப்பது, எதை மன்னிக்காமல் விடுவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டுமானால், ஒருவர் தம் பாவத்தைச் சொல்லாமல் அது எப்படி நடக்கும்? மன்னிப்பவர் கடவுளே, குருவின் குரல் அந்த மன்னிப்பைக் காதால் கேட்கச் செய்கிறது. சுரூபம் பற்றிய பதிலில் சொன்ன அதே முறைதான் இங்கும்.

‘வெளியே சொல்லிவிட்டால்?’ என்ற பயம் பலருக்கு உண்டு. பாவசங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக வெளியிடும் குரு அக்கணமே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்பட்டவராகிறார். தம் உயிரைக் காத்துக்கொள்வதற்காகக்கூட அவர் அதை உடைக்கக் கூடாது. கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். தவக்காலத்தின் கடைசி வாரத்தில் நீண்ட வரிசையில் நின்று அவசரமாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, சாதாரண வாரம் ஒன்றில் போவது நல்லது என்பது என் அனுபவம்.

‘பூமியில் ஒருவரையும் தந்தை என்று சொல்லாதீர்கள்’னு இயேசு சொன்னாரே. நீங்க ஃபாதர், ஃபாதர்னு கூப்பிடுறீங்க?

மத்தேயு 23ஆம் அதிகாரத்தின் அதே பகுதியில் ‘போதகர்’ என்றும் அழைக்கப்பட வேண்டாம் என்று இருக்கிறது. பெற்ற அப்பாவை அப்பா என்றும் பள்ளி ஆசிரியரை ஆசிரியர் என்றும் அழைப்பதை எவரும் நிறுத்தவில்லை. திருத்தூதர் பவுல் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதுகையில், நற்செய்தி வழியாக நானே உங்களுக்குத் தந்தையானேன் என்கிறார். இயேசு கண்டித்தது, பட்டங்களுக்கு ஆசைப்பட்டுத் தம்மைக் கடவுளின் இடத்தில் வைத்துக்கொள்வதை. அப்படிப்பட்ட ஆசை எந்தக் குருவிடம் தெரிந்தாலும் அந்த வசனம் அவருக்கும் பொருந்தும்.

ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி. யூடியூப்ல பூசை பார்த்தா போதுமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் செவிலியர்கள். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும், அதாவது பூசையும், ஞாயிறு கடமையை நிறைவேற்றும். அதுவும் முடியாமல், நோயாளியை விட்டு நகரவே இயலாத பணியில் இருப்பவருக்கும், படுக்கையில் இருப்பவருக்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத தாய்க்கும் அன்று கடமையே இல்லை. ஆகவே பாவமும் இல்லை. அத்தகையவருக்குத் திரையில் பார்ப்பது நல்ல துணை. போக முடிந்தவருக்கு அது ஈடாகாது, ஏனெனில் நற்கருணை அப்பமாக உண்ணுவதற்காகத் தரப்பட்டதை எவரும் திரையிலிருந்து எடுத்து உண்ண முடியாது.

விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு? மாத்திரை போட்டா விசுவாசம் இல்லேன்னு ஒருத்தர் சொன்னார்.

நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து இறங்கும் இந்த ஊரில் இப்படிப் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. சர்க்கரை நோய்க்கான ஊசியை நிறுத்திவிட்டு உபவாசக் கூட்டத்துக்குப் போன ஒருவரை நான் அறிவேன். அவர் மீண்டு வந்தார், ஆனால் இரண்டு விரல்களை இழந்து. இரண்டாம் கேள்வியில் குறிப்பிட்ட ஏழு நூல்களில் ஒன்றான சீராக்கின் ஞானம், தன் 38ஆம் அதிகாரத்தில் இதற்கு நேராகவே பதில் தருகிறது. மருத்துவரை மதிக்க வேண்டும், அவரைப் படைத்தவர் ஆண்டவரே. மண்ணிலிருந்து மருந்துகளை உண்டாக்கியவரும் ஆண்டவரே, அறிவுள்ளவர் அவற்றை இகழமாட்டார். நோயுற்றால் ஆண்டவரிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம்கொடு என்று அது சொல்கிறது. மன்றாட்டும் மருந்தும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனமும் இதே வரிசையில் வருவது. அதை ‘கடைசிப் பூசுதல்’ என்று எண்ணி, நோயாளி நினைவிழந்த பிறகே குருவை அழைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அதைப் பெறலாம். நோயாளி தாமே ‘ஆமென்’ என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே அழையுங்கள்.

ஐ.சி.யூ.ல இருக்கிற அப்பாவுக்கு வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னா அது கொலையா?

ஒருவரைச் சாகடிக்கும் நோக்கத்தோடு எதையும் செய்வதோ, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதோ தவறு; அதைக் கருணை என்று அழைத்தாலும் தவறே. ஆனால் குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில், பெரும் சுமையாகவும் பலனுக்குப் பொருந்தாததாகவும் ஆகிவிட்ட சிகிச்சையை நிறுத்துவது கொலையன்று; மரணத்தைத் தடுக்க இயலாது என்பதை ஏற்றுக்கொள்வது. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசியபோதே, இயல்பு கடந்த வழிமுறைகளைக் கையாளும் கடமை எவருக்கும் இல்லை என்று விளக்கினார். வலி நீக்கும் மருந்தும், துடைத்துவிடுவதும், வாயை நனைப்பதும் போன்ற சாதாரணப் பராமரிப்பு மட்டும் இறுதிவரை நிற்கக் கூடாது.

சிகிச்சைக்காக வீட்டையும் நிலத்தையும் விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குடும்பத்தின் தாங்கும் திறனும் எண்ணிப் பார்க்கத் தக்கதே என்று திருச்சபை சொல்வதை நம் மக்கள் அறியாததால், பலர் தேவையற்ற குற்றவுணர்வோடு ஊர் திரும்புகிறார்கள். உறுப்பு தானம் செய்யலாமா என்பதும் இதனோடு சேர்ந்தே வரும் கேள்வி. செய்யலாம், அது பாராட்டத்தக்க அன்புச் செயல் என்றே மறைக்கல்வி ஏடு கூறுகிறது. இறந்தவர் உயிர்த்தெழும்போது கண் இல்லாமல் எழுவார் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

பத்து வருஷமா குழந்தை இல்ல. டெஸ்ட் டியூப்னா சர்ச் ஏன் வேணாங்குது?

இது எனக்குச் சொல்லக் கடினமான பதில். கணவன் மனைவியின் கூடுகையைச் சிகிச்சையால் சீராக்கி உதவுவதைத் திருச்சபை வரவேற்கிறது. அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றுக்குத் தடை இல்லை. ஆனால் அந்தக் கூடுகையை நீக்கிவிட்டு ஆய்வகத்தில் கருவை உருவாக்குவதை 1987இல் வெளிவந்த உரோமை ஏடு ஒன்றின் வழியாக அது ஏற்க மறுத்தது. குழந்தை என்பது பெறப்படும் கொடை, செய்யப்படும் பொருளன்று என்பது ஒரு காரணம். உருவாக்கப்படும் கருக்களில் சில உறைய வைக்கப்படுகின்றன, சில அழிக்கப்படுகின்றன என்பது மற்றொரு காரணம்.

அவ்வாறு பிறந்த பிள்ளையின் மாண்பில் எள்ளளவும் குறைவில்லை; அதற்குத் திருமுழுக்கு மறுக்கப்படுவதும் இல்லை. பிள்ளையில்லாத பெண்ணிடம் ஒவ்வொரு திருவிழாவிலும் ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்று கேட்பவர்கள், திருச்சபையின் இந்தப் போதனையை அவளிடம் எடுத்துச் சொல்லும் தகுதியை இழந்தவர்கள் என்பது என் கருத்து.

பக்கத்து வீட்ல பொங்கல் பிரசாதம் கொடுத்தா வாங்கலாமா? பொட்டு வைக்கலாமா?

பொட்டு, பூ, கோலம், தாலி ஆகியவை இந்த மண்ணின் வழக்கங்கள். இவற்றைப் பற்றி உரோமையில் நூறாண்டுக்கும் மேலாக விவாதம் நடந்து, 1744இல் கடுமையான கட்டுப்பாடுகள் வந்து, அவற்றைக் கடைப்பிடிப்பதாகக் குருக்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. இன்று நம் திருமணங்களில் தாலியைக் குரு மந்திரித்துக் கொடுக்கிறார்.

படையல் உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8, 10ஆம் அதிகாரங்கள் இன்றைய காம்பவுண்டு வீட்டுக்கென்றே எழுதப்பட்டவை போல் இருக்கின்றன. சிலை என்பது ஒன்றுமில்லை, உணவில் தீட்டு இல்லை. ஆனால் வழிபாட்டில் பங்குகொள்வது வேறு, உன் செயல் பிறருடைய மனச்சான்றைக் குழப்பினால் தவிர்த்துவிடு என்கிறார் அவர். ஆகவே அன்போடு நீட்டப்படும் வீட்டுப் பொங்கலை அன்போடு வாங்கிக்கொள்ளலாம். படைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி, நம்பிக்கையின் அடையாளமாகத் தரப்படும்போது முகம் வாடாமல் நன்றி சொல்லி விலகலாம். வாங்கிக்கொண்டு வந்து குப்பையில் போடுவது மட்டும் எந்த அதிகாரத்திலும் இல்லை.

பொண்ணு இந்து. அவ மதம் மாறினாதான் சர்ச்ல கல்யாணமா?

மாற வேண்டியதில்லை, மாறும்படி கட்டாயப்படுத்துவதும் தவறு. திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணக்க ஆயரிடமிருந்து விலக்கு அனுமதி பெற வேண்டும். கத்தோலிக்கராக உள்ளவர் தம் நம்பிக்கையைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். அந்த வாக்குறுதியை மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டுமே தவிர, அவரிடமிருந்து வாங்குவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும்.

பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்தவர்கள், ‘இனி எங்களுக்குச் சர்ச்சில் இடமில்லை’ என்று முடிவு செய்துகொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் திருமணத்தைச் சீர்செய்ய வழிகள் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்பே பங்குத்தந்தையிடம் போனால் பாதிச் சிக்கல் குறையும். பத்திரிகை அடித்த பிறகு போனால் கூடும்.

பெருவெடிப்பு, பரிணாமம் எல்லாம் படிச்ச பிறகும் ஆதாம் ஏவாளை எப்படிங்க நம்புறது?

விரிவடையும் அண்டத்தைப் பற்றி 1927இல் எழுதி, பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் இட்டவர் ஜார்ஜ் லெமேத்ர் என்னும் பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்று போல எடுத்துப் பேசியபோது, அதை விரும்பாதவரும் அவரே. அறிவியலை மறையியலுக்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது என்பது அவர் நிலை. தொடக்க நூல், உலகம் எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கான செய்முறைக் குறிப்பு அன்று. யாரால், எதற்காக என்று உருவக மொழியில் சொல்கிறது. உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே படைக்கிறார் என்று 1950 முதலே திருச்சபை சொல்லி வருகிறது. கலிலேயோவை 1633இல் தண்டித்தது தவறு. 1992இல் இரண்டாம் யோவான் பவுல் அதை வெளிப்படையாக ஏற்றார்.

கிறிஸ்தவத்துல சாதி இல்லேங்கிறீங்க. அப்போ கல்லறை ஏன் தனித்தனியா இருக்கு?

இதற்கு விளக்கம் சொல்லித் தப்பிக்க முயல்வது பாவம். கிறிஸ்துவில் யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை, அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்பது போதனை. தமிழகத்தின் பல ஊர்களில் தனிக் கல்லறை, தனி வரிசை, தேர் எந்தத் தெருவுக்குள் போகும் என்ற சண்டை ஆகியவை நடப்பு. 2016 டிசம்பரில் இந்திய ஆயர்கள் தலித் முன்னேற்றத்துக்கென வெளியிட்ட கொள்கை அறிக்கையில், சாதிப் பாகுபாடு சமூகப் பாவம் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அறிக்கை மட்டும் கல்லறைச் சுவரை இடித்துவிடாது.

அரசும் இதில் ஓர் அநீதியைச் சேர்த்திருக்கிறது என்பது என் எண்ணம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்து, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் கருதுகிறது. போகவில்லை என்பதை நம் கல்லறைகள் காட்டுகின்றன. ‘அப்படியானால் இந்தச் சபையில் ஏன் இருக்கிறீர்கள்?’ என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். எங்கள் முன்னோர் பலர் திருமுழுக்குப் பெற்றது, தாங்களும் கடவுளின் பிள்ளைகள் என்ற ஒரே வாக்கை நம்பித்தான். அந்த வாக்கு தவறவில்லை; அதைக் கேட்டவர்கள் தவறினார்கள். நற்கருணையை ஒரே கிண்ணத்திலிருந்து வாங்கிவிட்டு வெளியே வந்து வேறு வேறு குழி வெட்டுபவர்களிடம் அதைச் சொல்ல உள்ளே ஆட்கள் வேண்டும் என்றேன்.

எங்க அம்மா கடைசிவரைக்கும் இந்துவாவே இருந்தாங்க. அவங்க நரகத்துக்குத்தான் போவாங்களா? அவங்களுக்குப் பூசை வைக்கலாமா?

திருமணத்துக்குப் பின் திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண் இதைக் கேட்டார். யாரோ அவரிடம் ‘ஆம், நரகம்தான்’ என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்வது வேறு. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டியபடி அருளின் துணையால் வாழ முயல்பவர்கள் மீட்படைய முடியும் என்று அது 1964இல் அறிவித்தது. மீட்பவர் கிறிஸ்துவே என்பதில் மாற்றமில்லை. அவருடைய கை எவ்வளவு தூரம் எட்டும் என்று நாம் அளந்து சொல்வதற்கில்லை. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை இதுவரை எந்த மனிதரின் பெயரையும் சொன்னதில்லை.

பூசை வைக்கலாம். உயிரோடு இருப்பவர், இறந்தவர் ஆகிய எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் விதி. அங்கே கத்தோலிக்கர் மட்டும் என்ற வரம்பு இல்லை. இறந்தவர்களின் பாவம் நீங்க மன்றாடுவது தூய்மையான, சிறந்த எண்ணம் என்று மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன நூல்களில் அதுவும் ஒன்று. பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதும் நோட்டு இருக்கும். அதில் அம்மாவுக்குப் புனிதர் பெயர் எதையும் தேட வேண்டாம். அவர் எந்தப் பெயரில் வாழ்ந்தாரோ அந்தப் பெயரையே எழுதிக் கொடுங்கள், பலிபீடத்தில் அப்படியே வாசிப்பார்கள்.